இரண்டு வால்வு, ஒரு கைப்பிடி

மாடி வீட்டுக்குத் தண்ணீர் விடும் வால்வின் தலையில் கைப்பிடி இல்லை.

வட்டமான சிவப்புக் கைப்பிடி இருந்த இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரமான பித்தளைத் தண்டு ஒன்று மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

மொட்டைமாடியில், தொட்டிக்கு அடியில் குந்தியிருந்த அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். வால்வை மூடிவிட்டுக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் தீர்ந்தது. வெறும் விரலால் அந்தத் தண்டைத் திருப்ப எந்தப் பயில்வானாலும் முடியாது. ஓனர் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்.

தன் தம்பிக்கு வேண்டும் என்று மாடி வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் ஓனர். பச்சைக் குழந்தை, இன்னும் தலைகூட நிற்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டாள் அங்கே குடியிருக்கும் தையல்காரி. அவர் பொறுக்கவில்லை. முந்தாநாள் முதல் தையல்காரி தெருமுனைக் குழாயிலிருந்து வாளி வாளியாகப் படியேற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக் கதவோரம் நின்றாள்.

“அக்கா, வேணாங்க்கா. சாருக்குத் தெரிஞ்சா உங்களையும் சும்மா விடமாட்டாரு.”

“தெரியட்டும். தெரியணும்னுதானே பண்றேன். நீ குழந்தை தலையைப் பிடி.”

அவள் பெட்டியைத் திறந்தாள்.

வீட்டுக் குழாய் வேலைக்குக் கைக்கு அடங்கிய சாமான்கள் போதும் என்பது அவள் கட்சி. பைப் ரிஞ்ச், ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், மரையில் சுற்றும் வெள்ளை டேப், கொஞ்சம் ரப்பர் வாஷர், ஓர் எண்ணெய்க் குப்பி. ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்குள் அதனதன் இடம் உண்டு.

நேற்று ஸ்பானர் மட்டும் தலைமாறிக் கிடந்தது. எடுத்தவர் வேலையை முடித்துவிட்டுத் திருப்பி வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பைப் ரிஞ்சைக் கையில் எடுத்தாள். அதன் தாடை லேசாக ஆடும். கோளாறு அல்ல, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இழுக்க இழுக்க அந்த ஆட்டம்தான் இறுக்கிக் கடிக்கும். பிடிவாதம் பிடித்த சாமான். அதனாலேயே அவளுக்குப் பிடிக்கும்.

ஆனால் அதற்குப் பல் இருக்கிறது. சதுரத் தண்டின் மூலைகளை நாலு திருப்பில் மழுங்கடித்துவிடும். மழுங்கின தண்டில் அப்புறம் எந்தக் கைப்பிடியும் உட்காராது. ரிஞ்சைத் திரும்ப வைத்தாள்.

கைப்பிடிதான் வேண்டும்.

பக்கத்திலேயே இன்னொரு வால்வு இருந்தது. கீழே ஓனர் வீட்டுக்குப் போவது. அதன் தலையில் சிவப்புக் கைப்பிடி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் அதை வலப்பக்கமாகத் திருப்பினாள். உள்ளே ஒரு தகடு, கடைக்கு ஷட்டர் போடுவதுபோல் இறங்குவது கைக்குத் தெரிந்தது. குழாயின் சலசலப்பு மெலிந்து, நின்றது.

கைப்பிடியின் நடுவில் இருந்த நட்டு துருப்பிடித்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“என்னக்கா, சும்மா உக்காந்துட்டீங்க?”

“எண்ணெய் வேலை செய்யுது. நான் வேடிக்கை பாக்குறேன்.”

துருவோடு சண்டைக்குப் போனால் நட்டுதான் உடையும். எண்ணெய் இறங்கிய பிறகு, கைப்பிடி சுழலாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்பானரை இடப்பக்கம் தள்ளினாள். கிரீச்சென்று ஒரு முனகல். நட்டு விட்டுக்கொடுத்தது.

கைப்பிடியைத் தூக்கி மாடி வீட்டு வால்வின் தண்டில் வைத்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. நட்டை முடுக்கிவிட்டுத் திறந்தாள்.

குழாய் இரண்டு முறை இருமியது. மாடி வீட்டில் திறந்தே கிடந்த குழாயிலிருந்து முதலில் காற்று, அப்புறம் தண்ணீர், தடதடவென்று காலி வாளியில் விழுகிற சத்தம்.

தையல்காரி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வால்வின் கழுத்தில் லேசாகக் கசிந்தது. பழைய வால்வைத் திருப்பினால் அப்படித்தான் செய்யும். கழுத்து நட்டை ஒரு பொட்டு இறுக்கியதும் கசிவு அடங்கியது.

அதே நேரம் கீழே குளியலறை ஜன்னலிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது.

“தண்ணி எங்க போச்சு? எவன்டா மேல?”

“அய்யோ, சார் குளிச்சிட்டிருக்காருக்கா!”

“தெரியும். தலைக்கு சோப்பு போடுற நேரம்தான்.”

மொட்டைமாடிக் கதவைப் பூட்டினாள். சாவியைத் தையல்காரியின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“யார் கேட்டாலும் குடுக்காதே. யார் கேட்டாலும்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். தெருக் கதவுப் பக்கம் திரும்பவில்லை. ஓனர் வீட்டுக் கதவைத் தட்டவும் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில், பெட்டி எப்போதும் இருக்கும் இடத்தில் அதை வைத்தாள். ஸ்பானர் நேராக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

குளியலறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. இடுப்பில் துண்டு, தலை நிறைய நுரை, ஒரு கண் மூடியபடி அவர் நின்றிருந்தார்.

நேற்றிலிருந்து மனதுக்குள் அவரை ஓனர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

“என்னங்க, நீங்க ஒளிச்சு வெச்ச கைப்பிடியைக் கொண்டாங்க. நம்ம வால்வுல நானே மாட்டித் தரேன்.”

காலி வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“அதுவரைக்கும் மாடியில போய் ஒரு வாளி கேட்டுப் பாருங்க. நல்ல மனுஷங்க. குடுப்பாங்க.”