ஏழாவது வளைவில் சிவப்பு விளக்கு

"இது கொஞ்சம்கூட நல்லா இல்லை அண்ணி. செத்தவரை ஓட விட்டு வேடிக்கை பாக்குறீங்க" என்றான் கொழுந்தன்.

அண்ணி கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "ஏறி உட்காருங்க தம்பி. நேரமாச்சு."

கார் பந்தயத்தில் புது விதி. பந்தய நாள் தவிர, தடத்தில் ஒரு சொட்டு பெட்ரோல் எரியக்கூடாது, ஒரு டயர் தேயக்கூடாது. காற்றுக்கு நல்லதுதான். பயிற்சியெல்லாம் இனி நாலு சுவருக்குள், பெரிய திரைக்கு முன்னால், குலுங்கும் இருக்கையில்.

திரையில் முன்னால் ஒரு சாம்பல் நிறக் கார் ஓடும். போன வருடம் அண்ணன் ஓட்டிய மிக வேகமான சுற்றின் பதிவு. மறுநாள் பந்தயத்தில் அதே வேகத்தில் ஏழாவது வளைவுக்குப் போனவர், வீட்டுக்கு வரவில்லை.

பதிவுகளைக் கவனிப்பது அண்ணியின் வேலை. புருஷன் ஓட்டியதையே பாடமாக்கிவிட்டாளே, கல்நெஞ்சுக்காரி என்று அணியில் பேசாத வாய் இல்லை. கொழுந்தனுக்கும் அதே கோபம்தான். ஆனால் அண்ணனை முந்திவிட வேண்டும் என்ற வெறி அதைவிடப் பெரிது.

ஓட்டினான். ஏழாவது வளைவு நெருங்கியது. சாம்பல் காரின் பின்னால் பளிச்சென்று சிவப்பு விளக்கு. தன்னையறியாமல் அவனும் பிரேக்கை மிதித்தான்.

"அண்ணி! அண்ணன் பிரேக் போடுறாரு!"

"எப்பவும் போடற இடம்தானே?"

"இல்லை. போன வாரம் வளைவுகிட்ட போய்த்தான் போட்டாரு. நேத்து கொஞ்சம் முன்னாடி. இன்னிக்கு இன்னும் முன்னாடி. பதிவு எப்படி அண்ணி மாறும்?"

"பதிவு மாறுமா தம்பி? பயந்த மாதிரி பேசுறீங்க."

அறையில் ஏசி மட்டும் இரைந்தது. அந்தக் குளிரிலும் அவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது. ஆளில்லாத அந்தக் காரிலிருந்து யாரோ கண்ணாடி வழியாகத் தன்னையே பார்ப்பது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நிஜப் பந்தயம். ஏழாவது வளைவுக்கு முன்பே அவன் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. இரண்டு பேர் முந்திப் போனார்கள். மூன்றாவதாக வந்தான், முழுசாக வந்தான்.

"அண்ணன்தான் என்னை நிறுத்தினாரு. திரையில தினமும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் போட்டுக் காட்டினாரு" என்று தலைமை மெக்கானிக்கின் தோளில் சாய்ந்து அழுதான்.

மெக்கானிக் நேராக அண்ணியிடம் போனார். "பதிவு தானா மாறாதும்மா. தினம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தினது நீதானே? பாத்துப் போப்பான்னு நேர்லயே சொல்லியிருக்கலாமே?"

அண்ணி கணினியை அணைத்தாள்.

"அவர்கிட்ட நேர்லதான் சொன்னேன், கேக்கலை. தம்பியாவது அவர் சொன்னாக் கேக்கட்டும்னுதான்."