அவசர வேலை

ஆட்டோ வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றது. மனைவி முத்துராணி கண்கள் செருக மகாராஜன் மடியில் சாய்ந்து கிடந்தாள். வாழைத்தோட்டத்தில் பாம்பு கடித்த கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டபோது, வண்டி அவசர வேலையாகப் போயிருக்கிறது என்றார்கள். காத்திருக்கப் பொறுக்காமல் ஆட்டோ பிடித்து வந்திருந்தான்.

சிவப்பு விளக்கு மாறவே இல்லை. அவளை இருக்கையில் சாய்த்துவிட்டு, சிக்னலில் நின்ற போலீஸ் ஏட்டிடம் இறங்கி ஓடினான்.

"ஏட்டையா, வீட்டுக்காரிக்குப் பாம்புக்கடி. பெரியாஸ்பத்திரிக்குப் போணும். விட்டுருங்க."

"பொறும்வே. இது புது சிக்னலு. ஆம்புலன்ஸ் வாரத அதுவே கண்டுபிடிச்சு மத்த ரோட்டை எல்லாம் நிறுத்திரும். என் கையில ஒண்ணுமில்ல."

தூரத்தில் சைரன் கேட்டது. அந்த வண்டிக்குள்ளும் ஒரு உயிர் துடிக்குமே. குறுக்கே நின்ற பைக்குகளை அவனே பிடித்துப் பின்னால் தள்ளினான்.

"ஒதுங்குங்கலே, உயிர் போற நேரம்."

ஆம்புலன்ஸ் காற்றாய்க் கடந்தது. எதிரே பந்தலில் கைதட்டல் எழுந்தது. "அரசு நிதியில் அமைந்த நவீன சிக்னலின் சோதனை ஓட்டம் வெற்றி," என்றது ஒலிபெருக்கி.

"அப்பம் உள்ள யாரு?" என்றான்.

"யாருமில்ல," என்று ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகாராஜனின் போன் அடித்தது.

"அண்ணாச்சி, ஆம்புலன்ஸ் கேட்டியள்லா? அவசர வேலை இப்பதான் முடிஞ்சிது. வண்டி உங்க ஊருக்குக் கெளம்பிட்டு. அதுவரைக்கும் அவங்கள நடக்க விடாதிய."