கேட்கக்கூடாத கேள்வி

“ஸ்னேகா, செத்துப் போயிடலாம்னு ஏதாவது தோணறதாம்மா உனக்கு?”

பால்கனியில் தனியாக நின்ற பெண்ணிடம் மெதுவாகத்தான் கேட்டாள் ரோஹிணி. ஆனால் பின்னால் சுண்டலோடு வந்துகொண்டிருந்த ஸ்னேகாவின் அம்மா கோமதியின் காதில் அது விழுந்துவிட்டது.

“என்ன கேட்டேள்?”

அவள் போட்ட சத்தத்தில் கூடத்தில் கொலுப் பாட்டு நின்றது. தெருமுனை துர்கா பூஜைப் பந்தலின் மேளம் மட்டும் கேட்டது.

“வயசுப் பொண்ணு. சப்தமியும் அதுவுமா, விளக்கேத்தின வீட்டுல வாயில வர வார்த்தையா இது?”

“இல்ல கோமதி, குழந்தை ரொம்ப நேரமா முகம் வாடி நின்னுண்டிருந்தா...”

“ஆரே மா, சாடோ!” விட்டுவிடு என்று வங்காளத்தில் அம்மாவை அதட்டினாள் ஸ்னேகா. “ஆண்ட்டி, எனக்கு ஒண்ணும் இல்ல. ஃப்ரெண்ட்ஸோட பந்தல் பாக்கப் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டா. அந்தக் கோவம். அவ்ளோதான்.”

சிரித்தாள். நிஜமான சிரிப்பு.

“சந்தோஷம்மா. அப்படி எப்பவாவது தோணித்துன்னா எங்கிட்ட சொல்லு, சரியா?”

“பாருங்கோ, இன்னும் விடமாட்டேங்கறா!” கோமதி கூடத்தைப் பார்த்து முறையிட்டாள். “போன மாசம் ரிடையர் ஆன ரங்கராஜன் மாமாவையும் இதையே கேட்டிருக்கா. அவர் ஆத்துல போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாராம்.”

மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல்வரை ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டுக் குங்குமம் கொடுத்து அனுப்பினாள், கொலு வைத்திருந்த காமு. மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ரோஹிணி மட்டும் மிஞ்சினாள். லேக் கார்டன்ஸில் இதே கட்டிடத்தில் பாவாடை கட்டிய காலத்திலிருந்து இரண்டு பேரும் சிநேகிதிகள். ரோஹிணி கல்யாணமாகி பெஹாலாவுக்குப் போனாள். காமு அப்பா அம்மாவுக்குப் பிறகு இந்த ஃப்ளாட்டிலேயே தங்கிவிட்டாள். கணவர் மஹாதேவனுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். மகன் அக்ஷய் பெங்களூரில். இருந்தும் கொலுவில் ஒரு படி குறைந்ததில்லை. எந்த விசேஷத்திலும் அவள் சிரிப்புதான் முதலில் கேட்கும்.

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

“உன் தம்பி போனதுலேர்ந்து நீ இப்படி ஆயிட்டே, ரோஹிணி.”

“ஆமா.”

“ஜெய்ராம் இருந்தா உன்னை வெச்சு ஒரு நாடகமே போட்டிருப்பான்.”

ரோஹிணி கொலுவைப் பார்த்தாள். “பார்க்கே வெக்கலையா இந்த வருஷம்?”

“அவன் வெச்ச மாதிரி யாருக்கு வெக்க வரும்? உடைஞ்ச கண்ணாடியப் போட்டு டாக்குரியா லேக்குன்னுவான்.”

“கடுகு மொளைச்சாத்தான் லேக்கைச் சுத்தி மரம். அதுக்குத் தெனம் தண்ணி தெளிக்கறேன்னு உங்கப்பா பேப்பரையெல்லாம் நனைப்பான்.”

“தீப்பெட்டில டிராம்! காளிகாட், காளிகாட்னு கத்திண்டு.”

“ஏறணும்னா டிக்கெட்டுக்குச் சுண்டல் குடுக்கணும்.”

“எல்லார் சுண்டலையும் அவனே தின்னுடுவான், படவா!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரோஹிணிக்குக் கண் நிறைந்தது.

“கடைசி நவராத்திரிலயும் இதே கூடத்துல உக்காந்து சிரிச்சான், காமு. தூக்கம் வரலைன்னான். அம்மா கஷாயம் வெச்சுக் குடுத்தா. சாப்பிட்டியா, பிரமோஷன் என்னாச்சு, எப்போ கல்யாணம்னு எல்லாரும் எல்லாம் கேட்டோம். இதை மட்டும் யாரும் கேக்கல.”

“எப்படிடி கேக்கறது? இல்லாத எண்ணத்தை நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடாதா?”

“ஆகாது. அவன் போனப்புறம் தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன்ல சேர்ந்தேனே, அப்போ எங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுத்ததே இதுதான். கேட்டா புதுசா தோணாது. ஏற்கெனவே தோணிண்டிருக்கறவாளுக்கு, அப்பாடா, வாய் விட்டுச் சொல்லலாம்னு இருக்கும். அதுக்கப்புறம் கூட உக்காரணும், டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போகணும். ஆனா மொதல்ல கேக்கணும்.”

காமு கொலுப் படியில் சாய்ந்திருந்த பொம்மையை நிமிர்த்தி வைத்தாள்.

“அம்மா அவனுக்கு வருஷா வருஷம் திதி பண்ண வெக்கறா. எனக்குத் தெரிஞ்ச திதி இதுதான்.”

“அதுக்காக?” காமுவின் குரல் திடீரென்று உயர்ந்தது. “நாளைக்கு எல்லார் ஆத்துலயும் இதான் பேச்சு. இனிமே என் கொலுவுக்கு வந்தா பாடு, சுண்டல் சாப்பிடு, போ. இந்தக் கேள்விய என் வீட்டுல யாரையும் நீ கேக்கப்படாது.”

ரோஹிணி குங்குமம் இட்டுக்கொண்டாள். தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். இவளுமா இப்படி என்று மனசு வலித்தது.

லிஃப்டுக்குள் போய்க் கம்பிக் கதவை இழுத்தாள். கதவு நகரவில்லை.

வெளியே நின்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் காமு.

“என்னடி, இன்னும் கோவம் தீரலையா?”

காமு இல்லை என்று தலையசைத்தாள். உதடு துடித்தது.

ரோஹிணி அந்த முகத்தைப் பார்த்தாள். சட்டென்று வெளியே வந்து, கதவை இழுத்து மூடிவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கீழே யாரோ மணி அடிக்க, லிஃப்ட் காலியாக இறங்கிப் போயிற்று.

“ஊர்ல எல்லாரையும் கேட்டியே, ரோஹிணி,” என்றாள் காமு. “என்னை மட்டும் ஏண்டி ஒரு தடவைகூடக் கேக்கலை?”