எதிர்க்கடையில் மஞ்சள் கவுன்

எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் நின்ற பொம்மை கடுகு மஞ்சளில் கவுன் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் பை. பைக்கு மரப்பொத்தான்.

இந்தப் பக்கம் தன் கடை வாசலில் நின்று பார்த்த முதலாளிக்கு வயிறு எரிந்தது. அது அவர் யோசித்துத் தைக்கக் கொடுத்த கவுன். சரக்கு அவர் கடைக்கே வந்து சேர இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இது மூன்றாவது தடவை. போன பருவத்தில் முயல் காது வைத்த மேல்சட்டை. அதற்கு முன்னால் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே துணியில் உடுப்பு.

பிள்ளைகள் துணி வியாபாரத்தில் பத்து நாள் முந்தியவன் பிழைப்பான், பிந்தியவன் தள்ளுபடிப் பலகை மாட்டுவான். இன்னொரு முறை பலகை மாட்டினால் கடையையே மூட வேண்டியதுதான்.

ஜிகினாவின் காலம் போயிற்று, இனி அம்மாக்கள் பருத்தியும் பையும்தான் கேட்பார்கள் என்று முதலில் மோப்பம் பிடித்தவர் அவர். எப்படிப் பிடித்தார் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. தொழில் ரகசியம்.

மாதிரி உடுப்புகளைக் கையில் எடுப்பவர்கள் கடையில் இரண்டே பேர். ஒருவர் முதலாளி. இன்னொருவர் பன்னிரண்டு வருடமாகக் கிடங்குச் சாவி வைத்திருக்கும் சூப்பர்வைசர் அம்மா. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் அழுவது?

ஒரு வாரமாக அந்த அம்மாவையே கவனித்து வந்தார். போன் வந்தால் அந்த அம்மா நகர்ந்து போய்ப் பேசினார். புதுக் கைப்பை, பழையதைவிடப் பெரிது. நேற்று முதலாளியின் மகளிடமே குனிந்து ஏதோ குசுகுசுத்தார், இவரைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்துகொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சில இருட்டில் பேய் இருக்கத்தான் செய்கிறது என்பது முதலாளியின் கட்சி.

கிடங்குக்குள் நுழைந்தார். மகள் அடுத்த மாதிரிக் கவுனைப் போட்டுக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றாள். அந்த அம்மா கீழே உட்கார்ந்து விளிம்பை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார்.

"எதிர்க்கடைக்கு எத்தனை நாளா தகவல் போகுது? மறைக்காம சொல்லிடுங்க."

அந்த அம்மா பல்லிடுக்கில் வைத்திருந்த இரண்டு ஊசிகளை நிதானமாக எடுத்து டப்பாவில் போட்டார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். பார்வை ஸ்டூல் மேல் நின்ற பிள்ளை பக்கம் போனது. வாயை மூடிக்கொண்டார்.

போதும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அந்தச் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

அந்த அம்மா கழுத்து நாடாவிலிருந்து சாவியைக் கழற்றப் பார்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது, அவிழவில்லை.

மகள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"அத்தையைத் திட்டாதீங்கப்பா! புதுசு போட்டுட்டு டிராயிங் கிளாஸுக்குப் போ, எங்க வாங்கினதுன்னு எத்தனை அம்மாங்க கேக்கறாங்கன்னு எண்ணிட்டு வான்னு நீங்கதானே அனுப்பறீங்க? எதிர்க்கடையில நிக்கறாங்களே, அந்த ஆன்ட்டிதான் எப்பவும் முதல்ல கேப்பாங்க. திரும்பி நில்லு கண்ணுன்னு போட்டோ எடுப்பாங்க. நேத்துதான் அத்தைகிட்ட அவங்களைக் காட்டினேன். நீ பயப்படாத, அப்பாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்னாங்க..."

முதலாளிக்குக் காது மடல் வரை சுட்டது. இத்தனை வருடத்தில் இப்படி வெட்கப்பட்டதில்லை. மன்னிச்சிடுங்கம்மா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அழுகைச் சத்தம் கேட்டு விற்பனைப் பெண்கள் மூன்று பேர் கிடங்கு வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் முதலாளியின் முகத்தையே பார்த்தார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது. அந்த அம்மா சாவியை நீட்டினார்.

முதலாளி வாங்கிக்கொண்டார்.