நீர் வழியும் வரை

2017 ஜூலை 15, மதவாச்சி. போரில் காணாமல் போன சிப்பாய் ருவனின் பேரில் பிக்குகளுக்கு முதல் தானம் அன்று கொடுக்கப்பட்டது. எட்டு வருடம் காத்திருந்த தாய் சோமாவதி, மகன் இறந்துவிட்டான் என்று ஏற்று, தானத்தின் புண்ணியத்தை அவனுக்கு அனுப்ப முடிவு செய்திருந்தாள். காணாமல் போனோர் விசாரணையில் பழக்கமான தவமலரை வவுனியாவிலிருந்து அழைத்திருந்தாள். தவமலரின் மகனும் அதே வருடம் காணாமல் போனவன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பிள்ளையைக் காட்டுங்கோ" என்று முகாம் முகாமாகக் கேட்டுத் திரிந்தவள் அவள்.

"கெண்டியை என்னோட சேர்ந்து பிடிங்க, அக்கா."

"நான் தொட்டா என்ர பிள்ளையும் செத்தவனாகிடுவான், சோமா."

"பயப்படாதீங்க. அவனுக்கு ஒரு சொட்டும் போகாது."

தவமலர் சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

கெண்டியிலிருந்து ஊற்றும் நீர் கிண்ணத்தில் நிரம்பி வழிந்தால்தான் புண்ணியம் இறந்தவரைச் சேரும். பிக்குகள் ஓத, சோமாவதி ஊற்றினாள். நீர் விளிம்பைத் தொட்டது. விளிம்புக்கு மேலும் எழுந்து, வழியாமல், மெல்ல நடுங்கியபடி நின்றது. அவள் கை அதற்குமேல் சாயவில்லை. பிக்குகள் அதே அடியைத் திரும்ப ஓதினார்கள். பிறகு இன்னொரு முறை. அத்தனை பேரும் அந்த நீரையே பார்த்திருந்தார்கள். அது அப்படியே நின்றது.

தவமலர் எழுந்து வந்து கெண்டியின் அடியில் கை கொடுத்தாள். நீர் வழிந்தது.

மறுநாள் காலை வவுனியாவில், காணாமல் போனோரின் தாய்மார் இருக்கும் போராட்டப் பந்தலுக்கு, மகனின் படத்தோடு தவமலர் போனாள்.