ஃபுல் ஃப்ரேமுக்கு ஓர் ஆயுத பூஜை

கார் முடிந்தும் முடியாமலும், கூதிர் தொடங்கியும் தொடங்காமலும் வானம் தயங்கி நின்ற புரட்டாசிக் கடைநாள். செம்பரம்பாக்கம் ஏரியின் மேலெழுந்த மேகங்கள் அம்பத்தூர்வரை வந்து, பெய்வதா கலைவதா என்று தேறாமல் தேங்கிக் கிடந்தன. ஆண்டெல்லாம் இரைந்த தொழிற்பேட்டை எந்திரங்கள் மாலை சூடி, தவத்தில் அமர்ந்தவை போல் அடங்கியிருந்தன. தெருவெங்கும் உடைந்த பூசணியின் செம்மை, காற்றெங்கும் சாம்பிராணி.

"இன்னா மச்சான், வானத்தோட போட்டியா? அதுவும் முடிவு பண்ணல, நீயும் முடிவு பண்ணல!" என்றான் நண்பன் கோபி.

கள்ளிக்குப்பத்தில் தமிழ்வாணன் நடத்தும் ஸ்டுடியோவின் மேசைமேல் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று, அவன் தோள் தேயச் சுமந்த க்ராப் சென்சார். மற்றது, கோபி தன்னுடையதைச் சோதித்துப் பார்க்கத் தந்திருந்த ஃபுல் ஃப்ரேம். பிடித்தால் தமிழ்வாணன் அதை வைத்துக்கொண்டு, பழையதையும் மேற்கொண்டு சிறு தொகையையும் கோபிக்குத் தர வேண்டும். பிடிக்காவிட்டால் கோபியின் பொருள் கோபிக்கே.

சென்ற கல்யாணத்தில் தாலி கட்டும் படம் இருட்டில் புள்ளிபுள்ளியாக வந்து, பெண்வீட்டார் ஸ்டுடியோ வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார்கள். வரும் முகூர்த்தத்தில் ஆவடியில் ரவிச்சந்திரன் என்பவரின் மகள் கல்யாணம். அதிலும் சறுக்கினால் கடையின் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

"விடியக்காலைத் தாலி. மண்டபமும் இருட்டு. அதுக்கு ஃபுல் ஃப்ரேம்தான் மச்சான்" என்றான் கோபி.

"அது சரி. மேடையைச் சுத்தி சொந்தக்காரன் அத்தினி பேரும் செல்போனைத் தூக்கினு நிப்பானே? தூரத்துலேர்ந்து கிட்ட இழுக்கணும்னா க்ராப்தான்டா."

"நீ அந்தத் தலையெல்லாம் போட்டோ எடுக்கவா போறே?"

"தலையை ஒதுக்கினா தாலியும் போயிடும். போன தபா மாப்ளையோட மாமா ஆல்பம் முச்சூடும் கீறாரு!"

அப்போது உள்ளிருந்து பொரித்தட்டோடு கன்னியம்மாள் வந்தாள். தமிழ்வாணனின் மாமியார். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குக் குமணன்சாவடியிலிருந்து அவளை அழைத்துவருவது வழக்கம். அவள் பொட்டு வைத்த டிராக்டரும் பம்புசெட்டும் ஒரு நாளும் நின்றதில்லை என்று அந்தப் பக்கத்தில் பேர்.

"ரெண்டும் கறுப்பா ஒரே மாரிதான் கீது. இதுக்கா காலைலேர்ந்து சண்டை? இன்னா மாப்ள வித்தியாசம்?"

விளக்கிச் சொன்னால் தனக்கும் தெளிவு பிறக்கும் என்று தமிழ்வாணன் எண்ணினான். இரண்டு கேமராக்களின் லென்ஸையும் கழற்றி, உள்ளே விரலோ தூசியோ பட்டுவிடாமல் அவள் கண்ணெதிரே ஏந்தினான்.

"பாருங்க அத்தை. இந்த லென்ஸு, பட்டன் எல்லாம் மேல்வேலை. உள்ள மினுமினுன்னு ஒரு தகடு தெரியுதா? அதான் சென்சார். கேமராவுக்கு உசுரே அதான். ஃபுல் ஃப்ரேம்ல பெரிசு, க்ராப்புல சின்னது. சண்டை அதுக்குத்தான்."

கன்னியம்மாள் குனிந்து நோக்கினாள். கருவறை இருளில் சுடரொன்றைக் கண்டவள் போல் அவள் கைகள் தாமாகக் குவிந்தன.

"இத்தினி பெரிய டப்பாவுல இம்மாத்தூண்டு இடத்துலயா உசுரு கீது! எப்புடித் தொறந்தீங்க?"

"இந்தப் பட்டனை அமுக்கினு இப்படித் திருப்பணும். மூடறப்போ மறுபக்கம். அவ்ளோதான்."

"அத்தைக்கே புரிஞ்சிபோச்சி. உனக்குத்தான் இன்னும் ஏறல!" என்று கோபி சிரித்தான்.

அவன் லென்ஸைப் பூட்டித் தர, அவள் இரண்டையும் பக்குவமாக வாங்கிக்கொண்டு பூஜைக்கு வைக்க உள்ளே போனாள். நண்பர்கள் இருவரும் வாழைக்கன்று கட்ட வாசலுக்கு வந்தார்கள். ஒரு பக்கத்துக் கன்றைக் கட்டி முடிப்பதற்குள் தமிழ்வாணனின் முகம் தெளிந்தது.

"முடிவு பண்ணிட்டேன்டா. ஃபுல் ஃப்ரேம் எனக்கு. சொந்தக்காரன் தலையை நானே கெஞ்சி ஒதுக்கிக்கறேன்."

"அப்ப உன் க்ராப்பு எனக்கு. பேச்சு மாற மாட்டியே?"

"சரஸ்வதி மேல ஆணை!"

இருவரும் கையடித்துக்கொண்டார்கள். காலைமுதல் இழுத்த குழப்பம் தீர்ந்த நிம்மதியோடு உள்ளே போனார்கள். கலைமகள் படத்தின் முன், மணைமேல் இரு கேமராக்களும் லென்ஸ் பூட்டிய கோலத்தில், ஒரே அளவு மல்லிகைச் சரம் சூடி வீற்றிருந்தன. பிரிண்டருக்குப் பொட்டு, விளக்குக் கம்பங்களுக்குப் பொட்டு, ஸ்டூலுக்குக்கூடப் பொட்டு. கேமராக்கள் மட்டும் துடைத்துவைத்தாற்போல் இருந்தன.

"இன்னா அத்தை, முக்கியமானதுக்குப் பொட்டு வெக்க மறந்துட்டீங்களே?"

கன்னியம்மாள் கற்பூரச் சுடரைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, உதடசைய எதையோ வேண்டி நின்றாள். பிறகு திரும்பி, மருமகன் நெற்றியில் திருநீறு இட்டாள்.

"மேல்வேலைக்கு எதுக்கு மாப்ள பொட்டு? நீங்க காட்டுன மாரியே அமுக்கித் திருப்பித் தொறந்து, சந்தனம் கொழைச்சி, உசுருக்கே வெச்சி மூடிட்டேன். பெரிசுக்குப் பெரிய பொட்டு, சின்னதுக்குச் சின்னப் பொட்டு. இனிமே எதுல எடுத்தாலும் அம்மா உள்ளயே இருந்து காப்பாத்துவா, நல்லா இருங்க!"