ஒரே ஒரு தாள்

"அம்மா, வீடியோ போடும்மா. உன் மூஞ்சியப் பாக்கணும்."

"இங்க சிக்னல் சரியில்லடா பாப்பா. நீ பேசு, நல்லாக் கேக்குது."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனில் சினிமா பார்த்துக்கொண்டிருந்த, மரவெட்டி என்று எல்லோரும் கூப்பிடும் சக ஓவியக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பட்டறையில் எதற்குக் குறை இருந்தாலும் சிக்னலுக்குக் குறை இல்லை.

"எனக்கு முன்பல்லு விழுந்திருச்சும்மா, ரெண்டும்! சிரிச்சா ஓட்டையாத் தெரியுது. நீ பாக்க வேண்டாமா?"

"வந்து பாக்கறேன்டா."

"எப்ப வருவ? அப்பாகிட்டக் கேட்டா, உன்னையே கேக்கச் சொல்றாரு."

"இந்தப் படம் முடியட்டும். முடிஞ்ச உடனே பஸ் ஏறிடுவேன்."

ஓவியை போனை அணைத்து, வழக்கம்போல மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

பல ஊர் ஓவியர்கள் வந்து தங்கி, தாங்களே காகிதம் செய்து, அதில் தாங்களே படம் அச்சடிக்கும் முகாம் அது. மரப்பலகையைச் செதுக்கி அச்செடுப்பவள் என்பதால் அவளுக்கு மரவெட்டி என்று பெயர் விழுந்துவிட்டது. அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள். ஓவியைக்குச் செப்புத் தகடு. ஊசியால் அதில் கீறி, கீறலில் மையை நிரப்பி, தாளை மேலே போட்டு அழுத்தினால் படம் விழும்.

முகாமுக்கு வரும்போது அவள் கொண்டுவந்தது ஒரு பை நிறைய மகளின் பருத்திச் சட்டைகள். துண்டு துண்டாக வெட்டி, வேகவைத்து, இடித்துக் கூழாக்கினாள். முதலில் எடுத்த தாள்களெல்லாம் ஓட்டை. பிறகு எடுத்தவை காயும்போதே கிழிந்தன. கூழ் தீரும்போது உருப்படியாகத் தேறியது ஒரே ஒரு தாள்.

"அக்கா, சொல்றேன்னு கோச்சுக்காதீங்க" என்றாள் மரவெட்டி. "பெத்த பொண்ணு வா வான்னு உயிர விடுது. நீங்க இங்க உக்காந்து அவ மூஞ்சியத் தகட்டுல கீறிட்டு இருக்கீங்க. பஸ் ஏறுனா நேர்லயே பாத்துடலாமே!"

"இது வந்தாத்தான் எனக்கு அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க முடியும்."

"சட்டையெல்லாம் வேற கூழாக்கிட்டீங்க. எங்கேன்னு கேக்க மாட்டாளா?"

"கேக்க மாட்டா."

மரவெட்டி எட்டிப் பார்த்தாள். தகட்டில் ஒரு சிறுமி வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ஒரு மச்சம்.

"பல்லு விழுந்துடுச்சுங்கறா, நீங்க முழுப் பல்லோட போட்டிருக்கீங்க?"

"என் கண்ணுக்குள்ள இருக்கற முகம் இதுதான்."

எல்லாம் நெஞ்சில் இருந்துதான் வரைந்தாள். போட்டோ எதுவும் பார்க்கவில்லை. வரையும்போது எதிரில் வைத்துக்கொள்ளும் கண்ணாடியைக்கூட வந்த நாளிலேயே சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். அதில் தன் முகம் தெரிவது அவளுக்குத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு ஒருமுறை தாளில் இறங்கிவிட்டால் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் இறங்கும், அப்புறம் மனுஷியாக வீட்டுக்குப் போகலாம் என்று அதை மட்டுமே நம்பியிருந்தாள்.

தாளை நனைத்துத் துணிக்கு நடுவே வைத்தாள். தகட்டில் மை தடவித் துடைத்தாள்.

"முதல்ல வேற தாள்ல ஒண்ணு போட்டுப் பாருங்கக்கா. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் பாத்துட்டுத்தான போடுவாங்க? இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

"வேண்டாம். முதல் தடவ விழறது அவ சட்டை மேலதான் விழணும்."

"உங்க பிடிவாதத்துக்கு மருந்தே இல்ல" என்று முணுமுணுத்தபடி மரவெட்டி அச்சு எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றினாள். கனத்த உருளை தாளின் மேல் ஏறி இறங்கியது.

ஓவியை தாளின் ஒரு முனையைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல உரித்தாள். கிழியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பார்வையை மறைத்தது.

மேசையில் போன் அடித்தது. மரவெட்டி அதைத் திருப்பினாள். திரையில் அழைக்கிறவளின் போட்டோ. அவள் அதையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துத் துள்ளினாள்.

"அக்கா! அச்சு அசல் இதே பொண்ணு! மச்சம்கூட அதே வலது கன்னத்துல!"

ஓவியை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தகட்டில் இருப்பது தாளில் இடம் வலமாக மாறித்தான் விழும், அதனால் கண்ணாடியில் பார்த்துத் திருப்பித்தான் கீற வேண்டும். இதை எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முகத்தைத் தடவிக் கொடுப்பதுபோல நேராகவே கீறி வைத்திருந்தாள்; இடது கன்னத்து மச்சம் தாளில் வலதுக்கு மாறி விழுந்திருந்தது.

கூழும் இல்லை, கூழாக்கச் சட்டையும் இல்லை. போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோன பெரியவளின் சட்டைகளுக்குள்ளிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தது, மச்சம் மட்டும் வலது கன்னத்துக்கு மாறி, அக்காவின் அதே முகத்தோடு இரட்டையாய்க் கூடவே பிறந்துவிட்ட ஒரே குற்றத்துக்காக அம்மா ஏறெடுத்தும் பார்க்காமல் ஓடிவந்த சின்னவள்.